ஸ்டேசனின் நாக்கு

அந்தப் பொலிஸ் ஸ்டேசனில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அறிந்தவர் அவர் ஒருவரே. தென்மராட்சிப் பக்கத்துச் சிறுபட்டினம் ஒன்றில், சந்தைக்கும் பொலிஸ் கோடு என்னும் சிறு நீதிமன்றத்துக்கும் இடையே, ஓடு வேய்ந்த அந்தக் கட்டடம் நின்றது. அதற்கு நேரெதிரே வழக்குரைஞரான பிறக்கிராசியார் ஒருவரின் கந்தோர். உலக யுத்தம் மூளுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கல்லூரியை விட்டு வெளியேறிய கையோடு, தொழில் கற்பதற்காக நான் அந்தக் கந்தோரில் எழுதுவினைஞனாய் அமர்ந்தேன். தர்க்க சங்கத்தின் மேடையிலே கைதட்டல் வாங்கிப் பழகிய எனக்குச் சொல் என்பது ஓர் ஆயுதம், சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அந்த ஆயுதத்தைச் சுழற்றாமல், கூர் பாராமல், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக் கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் சார்ஜன். சட்டைக் கையில் பதவிக்குரிய மூன்று பட்டிகள். தொப்பியின் கீழே திருநீறு. ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

அந்த ஸ்டேசன் அமைந்திருந்த விதத்தைக் கூறினாலன்றி அவரை விளங்கிக்கொள்ள இயலாது. தலைமையில் இருந்த இன்ஸ்பெக்டர் ஒல்லாந்த வழிவந்த பறங்கியர். ஆங்கிலத்திலே பிறந்து ஆங்கிலத்திலே அதட்டுபவர். ஊரார் அவரைத் துரை என்பர். கான்ஸ்டபிள்மாருள் பெரும்பாலோர் காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த சிங்களவர், இருவர் மலாயர். உள்ளூரானுக்கு உள்ளூரிலே உறவும் உண்டு, பகையும் உண்டு. ஆதலால் அயலூரானை அனுப்புக என்பது அரசாங்கத்தின் கொள்கை. அக்கொள்கையின் பயனாக, சந்தையில் மீனும் வெற்றிலையும் வாங்கப் போதுமான தமிழ் ஒன்றே அந்தக் காவலர்களிடம் இருந்தது. சட்டத்தின் கண்களும் கைகளும் தெற்கிலிருந்து வந்தன. நாக்கு மட்டும் வடமராட்சியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

ஸ்டேசனுக்கு வெளியே வேறொரு பொலிசும் இருந்தது. கிராமத்துக்குத் தலைவராக விதானையார், அவருக்கு மேலே உடையார், உடையாருக்கு மேலே மணியகாரர், மணியகாரருக்கு மேலே கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் ஏசண்டர் துரை. வெட்டோ குத்தோ நிகழ்ந்தால் முதலிற் போய் நிற்பவர் விதானையார். ஆளைப் பிடித்துக் கட்டிவைப்பவரும் அவரே. ஆயினும் அவர் இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். இரண்டு அதிகாரங்களும் ஒன்றை ஒன்று நம்பியதும் இல்லை. ஒன்றை விட்டு ஒன்று நடக்க முடிந்ததும் இல்லை. இன்ஸ்பெக்டர் விதானையாரோடு ஒரு வார்த்தை பேசவேண்டுமாயினும் சார்ஜன் நடுவில் நிற்கவேண்டும்.

அவர் நிற்கும் இடம் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு இடப்புறம். முறைப்பாடு சொல்ல வந்தவரின் முகத்தை அவர் பாரார். இன்ஸ்பெக்டரின் முகத்தையும் பாரார். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, வந்த சொல்லை வந்தபடியே மறுமொழியில் வைப்பார். ஏச்சு வந்தால் ஏச்சு; அழுகை வந்தால் "அழுகிறாள், ஐயா" என்ற ஒரு குறிப்பு. கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

ஒருநாள், அயல்வீட்டுக்காரன் வேலியை நகர்த்திக் கதியால் நட்டுவிட்டான் என்று ஒரு பெண் வந்தாள். கந்தோர் அலுவலாக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஐயா, அவன் என்ரை காணிக்குள்ளை வந்து நிண்டு சிரிக்கிறான். என்ரை வயிறு பத்தி எரியுது!" என்றாள்.

சார்ஜன் சுவரைப் பார்த்து, தன் வயிற்றில் நெருப்புப் பற்றியிருப்பதாக அவள் கூறுகிறாள் என ஆங்கிலத்தில் அறிவித்தார். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுப் பேனையை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"துரை கேக்கிறார், நஞ்சு கிஞ்சு குடிச்சனியோ எண்டு."

"நஞ்சோ! உந்த மனுசனுக்கு என்ன விசரே?"

சார்ஜன் மறுபடியும் சுவரை நோக்கித் திரும்பினார். அவர் வாய் திறப்பதைக் கண்டதும் அவளுக்குப் பொறி தட்டியது. "ஐயோ, அதைச் சொல்லிப்போடாதேங்கோ! உங்களைக் கும்பிட்டன், ஐயா!"

"சொன்னதைச் சொல்லுறதுதானே பிள்ளை என்ரை வேலை" என்று கூறிவிட்டு, அதனையும் சொன்னார். சொல்லவேண்டாம் என்று அவள் கும்பிட்டதையும் சேர்த்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து அவளை வெளியே அனுப்பினார். வேலி நகர்ந்த இடத்திலேயே நின்றது.

இந்தக் கதை சந்தை முழுவதும் பரவிற்று. அவர் சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரிகள் கூவுவார்கள்: "கவனமாப் பறையுங்கோடி, நாக்கு வருகுது!" "உவருக்கு முன்னாலை இருமாதை மச்சாள், இங்கிலீசிலை இருமிக் காட்டிப்போடும்!" அவர் கோபம் கொண்டதை நான் பார்த்ததில்லை. மீனைத் திருப்பிப் பார்த்து, செவுளை விரித்துப் பார்த்து, வாங்கிக்கொண்டு போவார். ஒரு விதத்தில் ஊர் அவரை மதித்தது. கைலஞ்சம் வாங்காத பொலிஸ்காரர் என்றால் அவர்தான். அவர் பொய் சொன்னார் என்று எந்தக் கள்ளனும் கூறியதில்லை. எனினும் அவர் அருகே நிற்கும்போது, நமது பேச்சிலிருந்து நமது மனத்தை மட்டும் யாரோ உரித்து எடுத்துவிடுவது போன்ற ஓர் அச்சம் எவருக்கும் எழும், எனக்கும் எழுந்தது.

இத்தன்மை பிறவியிலே வந்ததன்று. ஒருமுறை தேத்தண்ணிக்கடையில் எங்கள் பிறக்கிராசியார் அவரிடம் நேரிலேயே கேட்டுவிட்டார்: "ஏன் காணும், கொஞ்சம் நெளிச்சு வளைச்சுச் சொன்னால் குடியே முழுகிப்போம்?"

"ஒருக்கா நெளிச்சனான், ஐயா. மன்னாரிலை. ஒரு பெடியன் மாடு களவெடுத்துப் பிடிபட்டவன். வாயைத் திறக்காமல் நிண்டான். பாவமாய்க் கிடந்தது. 'பிழை செய்துபோட்டன், மன்னியுங்கோ எண்டு சொல்லுறான்' எண்டு நானாய்க் கூட்டிச் சொன்னன். துரை இரங்கி, கையைக் கட்டாமல் இருத்திவிட்டார். பெடியன் பின்னாலை ஓடிப்போய்க் கடலுக்கை விழுந்து செத்துப்போனான். எனக்கு ஒரு பட்டி போச்சு. பட்டி திரும்பி வந்திட்டுது." அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

செல்லையா என்னும் தோட்டக்காரனின் வழக்கு அதற்கு அடுத்த புகையிலைப் போகத்தில் வந்தது.

செல்லையாவுக்கும் வேலுப்பிள்ளை என்பவருக்கும் ஒரே கிணறு. இறைப்பு முறையில் இருவரும் தர்க்கப்பட்டார்கள். செல்லையா நீரிறைக்கும் துலாவில் நின்றபடி, "உன்னை வெட்டிக் கிணத்துக்கை போடுவன்!" என்று கத்தினான். நமது தோட்டங்களிலே இறைப்புக் காலத்தில் இச்சொல் எழாத நாள் இல்லை. சொன்னவனும் கேட்டவனும் மாலையில் ஒரே தவறணையில் கள்ளுக் குடிப்பார்கள். ஆனால் வேலுப்பிள்ளை அன்று இருந்த எரிச்சலில் ஸ்டேசன் படியேறிவிட்டார். சார்ஜன் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் வைத்தார். கத்தி, கிணறு, கொலை யாவும் அங்கே திட்டமிட்ட காரியம் போல வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் செல்லையாவை அழைத்து எச்சரித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இருவரும் சமாதானமாகி, முறை வைத்து இறைத்தார்கள்.

வேலுப்பிள்ளைக்கு மெய்யான பகை ஒன்று வேறிடத்தில் இருந்தது. தெற்கு வேலிக்கு அப்பால் இருந்த காணி விதானையாரின் மருமகனுடையது. அந்த எல்லையைப் பற்றிய வழக்கு நெடுங்காலமாய் நடந்துவந்தது.

ஒருநாள் விடிந்து சிறிது நேரத்தில், வேலுப்பிள்ளை வயிற்றிலே கத்திக்குத்துடன் தெற்கு வேலியோரம் கிடந்தார். அயலார் அவரைத் தூக்கி வந்து தலைவாசலில் பாயிலே கிடத்தினார்கள். அரசாங்க வைத்தியரான அப்போதிக்கரி வந்து பார்த்து, அசைத்தால் உயிர் போய்விடும் என்றார். விதானையார் உடனே செல்லையாவைப் பிடித்துக் கைகளைப் பின்னே கட்டி, முற்றத்தின் மறுகோடியில் இருந்த மாமரத்தின் கீழ் நிறுத்திவிட்டு ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பினார். இன்ஸ்பெக்டரும் சார்ஜனும் வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கதிரை கொண்டுவந்து போட்டவன் விதானையாரின் மருமகன். போட்டவன் அதன் முதுகைப் பிடித்தபடி பின்னாலே நின்றுவிட்டான். இவற்றையெல்லாம் அங்கே கூடி நின்ற பலர் வாயிலாக நான் அறிந்தேன். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மாறு சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். சார்ஜன் குனிந்தார்.

"துரை கேக்கிறார், ஆர் உன்னைக் குத்தினது?"

வேலுப்பிள்ளைக்குக் கை எழவில்லை. கண்கள் மட்டும் உயர்ந்தன. "உவன்" என்றார். பிறகு மூச்சை இழுத்து, "உவன்தான்" என்றார்.

நமது யாழ்ப்பாணத்துப் பேச்சை அறியாதவர்களுக்காக இங்கே ஒன்று கூறவேண்டும். சொல்பவனுக்கு அருகே நிற்பவன் இவன். இருவருக்கும் எட்ட நிற்பவன் அவன். கேட்பவனுக்கு அருகே நிற்பவன் உவன். இந்த மூன்றையும் நடை பழகும் குழந்தையும் மாறிச் சொல்லாது.

சார்ஜன் நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, "ஹீ" என்றார். "குத்தியவன் ஹீ."

இன்ஸ்பெக்டர் தம் பிரம்பை முற்றத்துப் பக்கம் நீட்டி, "அந்த மரத்தடியில் நிற்பவன்" என்று ஆங்கிலத்தில் கூறினார். அது கேள்வியா, முடிவா? அதனை வேலுப்பிள்ளையிடம் கேள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததைச் சார்ஜன் கேட்கவும் இல்லை. வேலுப்பிள்ளையின் கண்கள் அதற்குள் மூடிவிட்டன. உச்சிப்பொழுதுக்கு முன்னரே அவர் இறந்தார்.

செல்லையாவின் மனைவி பாக்கியம் எங்கள் கந்தோருக்கு வந்தாள். வந்த நாளிலேயே, என்னையும் இழுத்துக்கொண்டு எதிரே ஸ்டேசன் விறாந்தைக்கும் போனாள். சார்ஜன் வெளியே வந்தார்.

"ஐயா, அந்த மனுசன் உவன் எண்டெல்லோ சொன்னது?"

"ஓம். உவன் எண்டுதான் சொன்னவர்."

"மாமரத்துக்குக் கீழை நிண்டவரை உவன் எண்டு ஆர் சொல்லுவினம்? அவன் எண்டெல்லோ சொல்லுவினம்!"

அவர் விறாந்தைச் சுவரைப் பார்த்தார்.

"துரைக்கு ஏன் அதைச் சொல்லேல்லை?"

"சொன்னனான். உவனுக்கு இங்கிலீசிலை சொல்லில்லை, பிள்ளை. உள்ள சொல்லைச் சொன்னனான்."

"கதிரைக்குப் பின்னாலை நிண்டவன் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"செத்த மனுசன் அப்பிடிச் சொல்லேல்லையே."

"ஐயா, அவரின்ரை கழுத்தெல்லோ!" என்று அவள் கத்தினாள்.

சார்ஜனின் வலக்கை எழுந்து, இடக்கைச் சட்டையிலிருந்த பட்டிகளின் மேல் சிறிது நேரம் நின்றது. பின்பு உள்ளே போய்விட்டார்.

நான் கொதித்தெழுந்தேன். சுட்டுச்சொற்களைப் பற்றி நீதிமன்றம் நடுங்கும்படி ஒரு பிரசங்கத்தை ஆங்கிலத்தில் இயற்றி, பிறக்கிராசியாரின் முன்னே நின்று முழங்கிக் காட்டினேன். அவர் சுருட்டை எடுத்துவிட்டு, "தம்பி, மேடையை மறந்துபோடும். உதுக்குப் பேச்சு வேண்டாம். சார்ஜனிட்டைக் கேக்கிற கேள்விதான் வேணும். சரியாய்க் கேட்டால் உந்த மனுசன் மறைக்காது" என்றார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்பவரிடம் எதைக் கேட்பது என்பதிலே ஓர் உயிர் தொங்கிற்று.

கொலை வழக்காதலால் யாழ்ப்பாணத்தில் கூடிய சுப்பிறீம் கோட்டுக்கு அது போயிற்று. நீதிபதி ஆங்கிலேயர். செல்லையாவுக்காக வாதாட எழுந்த அப்புக்காத்து பட்டினத்திலே பெயர்பெற்றவர். சாட்சிக்கூட்டில் சார்ஜன் ஏறினார். பட்டிகள் வெளுத்து மினுங்கின. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது; அதைத் தமிழில் தருகிறேன்.

"இறந்தவர் உரைத்த தமிழ்ச் சொல் யாது?"

"உவன்."

"அதை எவ்வாறு மொழிபெயர்த்தீர்?"

"ஹீ."

"இவன் என்று சொல்லியிருந்தால்?"

"ஹீ."

"அவன் என்று சொல்லியிருந்தால்?"

"ஹீ."

சனங்கள் சிரித்தார்கள். நீதிபதி மேசையில் தட்டினார்.

"ஆகவே மூன்றுக்கும் வேறுபாடே இல்லையோ?"

"ஆங்கிலத்தில் இல்லை, ஐயா."

"தமிழில்?"

அரசுக்காக வாதாடிய முடிக்குரிய வழக்குரைஞர் துள்ளி எழுந்தார். தமிழ்ச் சொல்லின் பொருளைக் கூறவேண்டியவர் கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியாரே, இந்தச் சாட்சி அல்லர் என்றார். நீதிபதி முதலியாரின் பக்கம் திரும்பினார். முதலியார் இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்றவர். சபைகளிலே அத்திறமையைக் காட்டுபவர். அவர் எழுந்து, உகரச்சுட்டு செய்யுளுக்கு உரியது, உரைநடையிலே வழக்கொழிந்தது, குடியானவர் வாயில் அது தங்கியிருப்பது ஓசைத் திரிபே, தனிப்பொருள் அதற்கு இல்லை என்று விளக்கினார். அவருடைய குடைக்காரன் வெளியே விறாந்தையில் நின்றான். அன்று காலையிலே, "உவனை உதிலை நிக்கச் சொல்லும்" என்று என்னிடம் கூறிவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். அறியாமையால் அவர் அவ்வாறு கூறவில்லை. தாம் வீட்டிலே பேசுவது தமிழ் என்பதைத்தான் அவர் நம்பவில்லை.

அப்புக்காத்து தளரவில்லை. "அப்போது இன்ஸ்பெக்டருக்கு மிக அருகில் நின்றவர் யார்?"

"விதானையாரின் மருமகன். கதிரையின் பின்னே."

"எதிரியான செல்லையா எங்கே நின்றார்?"

"முற்றத்தின் கோடியில், மாமரத்தடியில்."

"இறந்தவர் அச்சொல்லால் யாரைக் குறித்தார்?"

ஆட்சேபம் எழுந்தது. இறந்தவரின் கருத்தைச் சாட்சி ஊகித்துக் கூறலாகாது என்று நீதிபதி கேள்வியை விலக்கினார். அப்புக்காத்து வேறு விதமாய்க் கேட்டார், அதுவும் விலக்கப்பட்டது. அவர் அமர்ந்தார்.

சார்ஜன் கூட்டிலிருந்து இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்கள், எதிரிக்கூட்டில் நின்ற செல்லையாவின் மேல் விழுந்தன. கூட்டின் கட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவர் குரல் மேலெழுந்ததை அன்றுதான் கேட்டேன்.

"கனம் நீதிபதி அவர்களே, அன்று அந்த மனிதர் பார்த்தது..."

"சாட்சி," என்று நீதிபதி இடைமறித்தார். கடுமையாகவும் அன்று, களைத்த ஒரு பொறுமையோடு. "இத்தனை வருட சேவை உமக்கு இருக்கிறது, நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்கப்பட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லும். இப்போது உம்மிடம் கேள்வி எதுவும் இல்லை."

சேவகன் வந்து முழங்கையைத் தொட்டான். சார்ஜன் தலைவணங்கி இறங்கினார்.

தீர்ப்புக் கூறவேண்டிய யூரிமார் எழுவர். ஆங்கிலம் கற்ற கனவான்கள். நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் வீடுவாசல் உள்ளவர்கள். நாள்தோறும் வேலைக்காரனை உவன் என்றும், பக்கத்துப் பாத்திரத்தை உது என்றும் சுட்டுபவர்கள். பதிவிலே உள்ள ஆங்கிலச் சாட்சியமே சாட்சியம், சொந்த அறிவை அதில் கலக்கவேண்டாம் என்று நீதிபதி அவர்களுக்குப் போதித்தார். கிணற்றடியில் செல்லையா கத்திய வாக்கியத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தும் காட்டினார். ஐந்துக்கு இரண்டாய் அவர்கள் குற்றவாளி என்றார்கள்.

பாக்கியம் கோட்டு வாசலில் நிலத்தில் இருந்துவிட்டாள். பெரிய துரையான தேசாதிபதிக்கு மனு அனுப்பினோம். அது ஆங்கிலத்தில் சென்று ஆங்கிலத்தில் நிராகரிக்கப்பட்டு வந்தது.

அதன் பின் ஒரு காலையில், அவளை ஸ்டேசனுக்கு வரும்படி ஆள் வந்தது. எங்கள் கந்தோரிலிருந்து நான் துணைக்குச் சென்றேன். இன்ஸ்பெக்டர் அவளைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து நின்றார், அவரும் மனிதரே. தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது என இவளுக்கு அறிவி என்று ஆங்கிலத்தில் கூறினார். அந்த வாக்கியத்தில், நிறைவேற்றியவர் எவரும் இல்லை.

சார்ஜன் மேசையின் இடப்புறத்தை விட்டு ஓரடி முன்னே வந்தார். அவள் முகத்தை நேரே பார்த்தார்.

"உன்ரை புருசனை நாங்கள் தூக்கிலை போட்டிட்டம், பிள்ளை."

அவள் அழவில்லை. உலர்ந்த குரலில், "நாங்கள் எண்டால் ஆர்?" என்று கேட்டாள்.

"விதானையார். துரை. கோட்டிலை இருந்த முதலியார். யூரிமார். பெரிய நீதவான்." சற்று நின்று, "நான்" என்றார்.

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த நீளம் உறுத்திற்று. தாம் சொன்னதோ ஒரே வாக்கியம்; தமிழில் அது இவ்வளவு தூரம் போனது எப்படி? "அவளிடம் என்ன கூறினாய்?" என்று கேட்டார்.

சார்ஜன் குதிகளை ஒன்று சேர்த்து நின்றார்.

"தாங்கள் கூறியதை மட்டுமே, ஐயா."